வீட்டு நாய் கடித்துவிட்டால்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா, முடித்துவிடுவதா?

வீட்டு நாய் ஒருவரைக் கடித்த அன்றே அந்த வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். “பிள்ளை மாதிரி வளர்ந்தது, ஏதோ மிரண்டுபோய்க் கடிச்சிடுச்சு, விடுங்க” என்பார்கள் ஒரு பக்கம். “ரத்த ருசி கண்ட நாய், இனிமே அடங்காது” என்பார்கள் மறுபக்கம். இரண்டையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. ரத்த ருசிக்காக வீட்டு நாய் மனிதரைக் கடிப்பதில்லை. ஆனால் கடித்ததும் எதிரே நின்றவர் விலகிப் போனார் என்பதை அது கற்றுக்கொள்கிறது. உறுமியும் நடக்காதது பல் பட்டதும் நடந்தது என்று தெரிந்துகொண்ட நாய், அடுத்த முறை உறுமலைச் சுருக்கிக்கொண்டு நேரே பல்லுக்கு வரும். அதனால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால், இரண்டாவது கடி முதல் கடியைவிட எளிதாக நடக்கும்.

“இது திருந்துமா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். “அடுத்த கடி நடக்கும் வாய்ப்பை இந்த வீட்டில் எவ்வளவு குறைக்க முடியும்?” என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். பல நாய்களிடம் நன்றாகவே குறைக்கலாம். சில நாய்களிடம், சில வீடுகளில், முடியாது. “என்னிடம் விடுங்கள், இனி கடிக்கவே கடிக்காது” என்று உறுதி தரும் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் அவரிடம் நாயை ஒப்படைக்காதீர்கள்.

முதல் பத்து நாள்

இந்தப் பத்து நாளில் எந்தப் பெரிய முடிவும் வேண்டாம். கடிபட்டவர் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய்க்கடி ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள். பல் இறங்கி ரத்தம் வந்திருந்தால், தடுப்பூசியோடு காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் (கிருமியை உடனே எதிர்க்கும் எதிர்ப்பொருள்) போட வேண்டும். “நம்ம நாய்தானே, அதுக்கு வருஷா வருஷம் ஊசி போட்டிருக்கே” என்று தள்ளிப்போட வேண்டாம்.

நாயை 10 நாள் கட்டுக்குள் வைத்துக் கவனிப்பதற்குக் காரணம் உண்டு. வெறிநோய்க் கிருமி எச்சிலில் வரத் தொடங்கிய சில நாள்களுக்குள் நாய்க்கு நோய் வெளிப்பட்டு, அது இறந்துவிடும். கடித்து 10 நாள் கழித்தும் நாய் நல்லபடியாகத் தின்று நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். கோபத்தில் நாயை அன்றே கொன்றுவிட்டாலோ, இரவோடு இரவாக ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்தாலோ, இதை அறியும் வழி அடைபட்டுப்போகும். அந்தக் கெடுதல் கடிபட்டவருக்குத்தான். இடையில் நாய் இறந்துவிட்டால் புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும்.

அதே பத்து நாளில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, நாயின் உடம்பை முழுமையாகப் பரிசோதிப்பது. காதில் சீழ், ஆடும் பல், இடுப்பு மூட்டுத் தேய்மானம், உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றால் வலியில் இருக்கும் நாய், தொட்ட கையைக் கடிக்கும். சொறிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பிரட்னிசோலோன் சில நாய்களுக்குப் பசியையும் எரிச்சலையும் சேர்த்தே ஏற்றும். தீனித் தட்டருகே நடந்த கடியென்றால் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெள்ளை நிற ராஜபாளையம் என்றால் காது கேட்கிறதா என்று பாருங்கள். அந்த நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவதுண்டு. செவிட்டு நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். அதைக் கோபக்கார நாய் என்று முடிவுகட்டுவது அநியாயம்.

கடியை அளப்பது

கால்நடை மருத்துவரும் நாய் நடத்தை வல்லுநருமான இயன் டன்பர் வகுத்த ஆறு படி அளவுகோல்தான் உலகெங்கும் பயன்படுகிறது. முதல் படியில் பாய்ச்சலும் உறுமலும் உண்டு, பல் படவில்லை. இரண்டாம் படியில் பல் பட்டது, ஆனால் குத்தி இறங்கவில்லை, கீறலும் சிவப்பும்தான். மூன்றாம் படியில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லை. நான்காம் படியில் குறைந்தது ஒரு துளையாவது அந்தப் பாதியைத் தாண்டியிருக்கும். சுற்றிலும் கன்றிப்போயிருந்தால் நாய் விடாமல் அழுத்திப் பிடித்தது என்றும், இரு பக்கமும் கிழிந்திருந்தால் தலையை உதறியது என்றும் அறியலாம். ஐந்தாம் படி அப்படிப்பட்ட ஆழக் கடிகள் ஒன்றுக்கு மேல். ஆறாம் படி மரணம்.

இதை ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்? கடிக்கும்போது எவ்வளவு அழுத்துவது என்ற கட்டுப்பாட்டைக் குட்டிப் பருவத்தில்தான் நாய் கற்றுக்கொள்கிறது. தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் கடித்து விளையாடும்போது, வலி தாங்காத மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அதுதான் பாடம். வளர்ந்த நாய்க்கு அதைப் புதிதாக ஊட்டுவது மிகக் கடினம். நாயின் பயத்தைக் குறைக்கலாம், சூழலை மாற்றலாம். ஆனால் அது மறுபடி கடிக்கும் நாள் வந்தால், ஏறக்குறைய முன்பு கடித்த ஆழத்துக்கே கடிக்கும். இரண்டாம் படி நாய் தவறினால் ஒரு கீறல். நான்காம் படி நாய் தவறினால் தையல், அல்லது ஒரு குழந்தையின் முகம். எங்கள் கணிப்பில் முடிவைத் தீர்மானிப்பதில் இதற்கு நிகரான தகவல் வேறில்லை. மருத்துவமனைக்குப் போகுமுன் காயத்தை அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, காரணம் தெரிகிறதா என்பது. தீனித் தட்டு, கேட்டுக்கு வந்த அந்நியர், கட்டிலிலிருந்து இறக்கிவிட்டது, நகம் வெட்டியது என்று ஒரு காரணத்தைச் சுட்ட முடிந்தால் வேலை செய்ய இடம் இருக்கிறது. முன்னறிவிப்பு தந்ததா என்பதும் முக்கியம். உடம்பு விறைப்பது, தலையைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உதட்டை நக்குவது, உறுமுவது இவையெல்லாம் அறிவிப்புகள். “திடீர்னு கடிச்சிடுச்சு” என்று சொல்லப்படும் கடிகளில் பலவற்றில் இவை இருந்தன, யாரும் பார்க்கவில்லை. உறுமும்போதெல்லாம் அடிவாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது. வீட்டார் தம் கையாலேயே மணியைக் கழற்றிவிட்டார்கள்.

பூட்டும் தடுப்புமாக வைத்துக்கொள்வது

நாயை மாற்றாமல் சூழலை மாற்றும் வழி இது. செலவு குறைவு, இன்றே தொடங்கலாம். மற்ற எந்த வழியைத் தேர்ந்தாலும் இது கூடவே வேண்டும்.

விதி ஒன்றுதான்: நாய்க்கும் ஆளுக்கும் நடுவே எப்போதும் இரண்டு தடுப்பு இருக்க வேண்டும். ஒன்று திறந்துபோனால் மற்றது நிற்கும். தெருக் கேட்டுக்கு உள்ளே நாலடி தள்ளி இன்னொரு கிரில் கேட். அல்லது விருந்தினர் வரும் நேரத்தில் அறைக்குள் நாய், அறைக் கதவுக்கு உட்பக்கத் தாழ் போதாது என்பதால் வெளியே பூட்டு. அழைப்பு மணி, பால் பை, தபால் பெட்டி மூன்றும் வெளிக் கேட்டுக்கு வெளியிலேயே இருக்கட்டும். சங்கிலியில் கட்டிவைப்பது தடுப்பாகாது. ஐந்தடிச் சங்கிலியில் இருக்கும் நாயால் விலகி ஓட முடியாது. ஓட முடியாத நாய்க்கு மிஞ்சுவது கடி மட்டும்தான். பகலெல்லாம் கட்டிக் கிடந்து இரவில் அவிழ்த்துவிடப்படும் நாய் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகும்.

வெளியே கூட்டிப்போக வாய்மூடி வேண்டும். கடையில் மஸில் என்று கேட்டால் முதலில் எடுத்துத் தருவது வாயை இறுக்கும் துணிப்பட்டை. அதை வாங்காதீர்கள். நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. நம் சித்திரை வெயிலில் வாயைக் கட்டிய நாய் சில நிமிடங்களிலேயே சூடேறி விழுந்துவிடலாம். கூடை போன்ற வாய்மூடியே சரி. மூக்கு நுனிக்கும் கூடைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் இடம், பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையும் தளர்வு, உள்ளே வாயைத் திறந்து தண்ணீர் குடிக்கும் வசதி மூன்றையும் பாருங்கள். முதல் வாரம் மாட்டவே வேண்டாம். கூடையின் அடியில் கெட்டித் தயிரோ வேகவைத்த ஈரல் மசியலோ தடவி, நாய் தானாக மூக்கை நுழைத்து நக்கட்டும். பிறகு மூன்று நொடி, பத்து நொடி, அரை நிமிடம். அப்புறம்தான் பட்டை. இரண்டு மூன்று வாரத்தில் கூடையைக் கண்டதும் வாலாட்டும். அவசரப்பட்டு முதல் நாளே மாட்டினால், அடுத்த நாள் கூடையை எடுக்கும் கைக்கே கடி விழும்.

இந்த வழி எங்கே உடைகிறது? மனிதரிடம். பத்து ஆண்டு நாய் வாழ்ந்தால் அந்தக் கேட் பல்லாயிரம் முறை திறந்து மூடப்படும். ஒரு நாள் கேஸ் சிலிண்டர் வந்திருக்கும், பாட்டி தூக்கத்திலிருப்பார், பேரன் ஓடிப்போய்த் திறப்பான். பெரியவர்கள் இருவர் மட்டும் வாழும் வீட்டில் இது பல ஆண்டு தாங்கும். கூட்டுக் குடும்பத்தில், மாடியில் குடித்தனம் இருக்கும் வீட்டில், தாங்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

பயிற்சியும் மருந்தும்

மூன்றாம் படி வரையிலான கடி, தெரிந்த காரணம், ஒத்துழைக்கும் வீட்டார் மூன்றும் சேர்ந்தால் இதுவே நல்ல வழி. பயிற்சி என்றதும் “உட்கார், எழுந்திரு” என்று நினைக்கிறோம். பயத்தால் கடிக்கும் நாய்க்கு உட்காரத் தெரிந்து என்ன பயன்? அந்நியரைக் கண்டால் அதன் வயிற்றில் எழும் உணர்வே மாற வேண்டும்.

அந்நியரைக் கண்டு பாயும் நாயை எடுத்துக்கொள்வோம். அது ஆளைப் பார்க்கிறது, ஆனால் விறைக்கவில்லை, தீனியைத் தின்கிறது என்ற தூரத்தைக் கண்டுபிடியுங்கள். 15 மீட்டராக இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். உங்களுக்குத் துணை செய்பவர் அந்தத் தூரத்தில் தோன்றட்டும். நாய் அவரைப் பார்த்த பிறகு விரல் நகம் அளவு வெந்த கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். அவர் மறைந்ததும் தீனியும் நிற்க வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆளைக் கண்டதும் “கோழி எங்கே?” என்று உங்கள் பக்கம் திரும்பத் தொடங்கினால் பாடம் ஏறுகிறது. மூன்று நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் ஒரு மீட்டர் நெருங்கலாம். ஒரு நாள் குரைத்துவிட்டால் மூன்று மீட்டர் பின்வாங்குங்கள்.

பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். தீனியை முதலில் காட்டிவிட்டு ஆளைக் காட்டினால், கோழி வந்தாலே ஆபத்து வரப்போகிறது என்று நாய் படித்துக்கொள்ளும். இன்னொன்று, “அவர் கையால் பிஸ்கட் கொடுத்தால் பழகிடும்” என்று அந்நியரையே ஊட்டச் சொல்வது. பசியால் நாய் கிட்டே வரும், தின்று முடிக்கும், தலை நிமிர்ந்தால் முகத்தருகே அந்நியர். அந்த நொடியில் விழும் கடி மோசமானது.

தீனியைக் காக்கும் நாய்க்கும் இதே தத்துவம்தான். தட்டைப் பிடுங்கிப் “யார் எஜமான்” என்று காட்டுவது நோயை வளர்க்கும். கடந்து போகும்போதெல்லாம் தட்டைவிடச் சுவையான துண்டொன்றைத் தூரத்திலிருந்தே உள்ளே போடுங்கள். ஆள் வந்தால் தட்டு நிறையும் என்று ஆகட்டும். குழந்தைகள் இந்தப் பயிற்சியில் கலந்துகொள்ளவே கூடாது.

அடித்து அடக்கலாம் என்பவர்களுக்கு 2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். நடத்தைக் கோளாறுக்காக வந்த 140 நாய்களின் சொந்தக்காரர்களைக் கேட்டார்கள். நாயை அடித்து உதைத்துப் பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினரிடமும், மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் 31 விழுக்காட்டினரிடமும், கண்ணோடு கண் முறைத்தவர்களில் 30 விழுக்காட்டினரிடமும் நாய் பதிலுக்குச் சீறியது அல்லது கடித்தது.

தின்ன முடியாத அளவுக்குப் பதற்றத்தில் இருக்கும் நாய்க்குப் பயிற்சி ஏறாது. அங்கே மருந்து உதவும். பெரும்பாலும் ஃப்ளுவாக்ஸெட்டின், எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை தினம் ஒரு வேளை, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரங்களில் பசி குறையும். திடீரென்று நிறுத்தக் கூடாது. நம் ஊரில் கவனிக்க வேண்டியது உண்ணி மருந்து: அமிட்ராஸ் கலந்த குளியல் மருந்தையோ கழுத்துப்பட்டையையோ இதோடு சேர்க்கக் கூடாது. வலிக்குத் தரும் டிராமடாலும் சேர்ந்தால் ஆபத்துண்டு. எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்து ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள்.

காயடிப்பது கடியை நிறுத்தும் என்பது பாதி உண்மைகூட இல்லை. சுற்றித் திரிவதும் ஆண் நாய்களுக்குள் சண்டையும் குறையும். பயத்தால் வரும் கடிக்கு அது மருந்தல்ல.

ஒரு மாதம் பயிற்சி மையத்தில் விட்டு எடுப்பது சுலபமாகத் தெரியும். நாய் திருந்தியே வந்ததுபோலவும் இருக்கும். ஆனால் அது கற்றது அந்த மையத்தில், அந்த ஆளிடம். கடித்த கேட்டும், ஓடும் குழந்தையும், மணிச் சத்தமும் உங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. மின் அதிர்ச்சிப் பட்டையால் அடக்கிய நாய் என்றால் உறுமலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கும். நீங்கள் கூடவே இருந்து கற்கும் வகுப்பு இல்லையென்றால் வேண்டாம்.

வேறு வீட்டுக்குக் கொடுப்பது

இரண்டாம் படிக் கடி, காரணம் குழந்தைகளின் ஓட்டமும் கூச்சலும் மட்டும் என்றால், பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த நாய் நிம்மதியாக வாழக்கூடும். இந்த ஒரு வகைக்கு இது உண்மையிலேயே நல்ல தீர்வு. எப்போது, யாரை, எந்தப் படியில் கடித்தது என்று எழுதிக் கொடுத்தே தர வேண்டும். மறைத்துக் கொடுத்தால் அடுத்த காயத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

“தோப்புக்கு அனுப்பிட்டோம்” என்பது நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் முடிவு. பெரும்பாலும் அங்கே மோட்டார் கொட்டகையருகே சங்கிலியில் கிடக்கும். ஒரு வேளைச் சோறு, கூலிக்கு வருபவர்களைப் பார்த்து நாளெல்லாம் குரைப்பு. ஒரு நாள் சங்கிலி அறும். ஆபத்தை நம்மைவிட ஏழையான ஒருவர் மேல் தள்ளிவிட்டோம், அவ்வளவுதான். தெருவில் கொண்டுபோய் விடுவதோ 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நான்காம் படியிலோ அதற்கு மேலோ கடித்த நாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

சட்டம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராதபடி காக்கத் தவறினால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே ஒருமுறை கடித்த நாய் என்றால் “தெரியாது” என்று சொல்ல வழியில்லை.

கருணைக்கொலை

இதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான்காம் அல்லது ஐந்தாம் படிக் கடி, காரணம் புரியவில்லை, அறிவிப்பு இல்லை, நாய் 25 கிலோவுக்கு மேல், வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ தடுமாறும் முதியவரோ இருக்கிறார். இவற்றில் மூன்று சேர்ந்தாலே வைத்துக்கொள்வது நியாயமில்லை. வாழ்நாள் முழுதும் கூண்டில் அடைப்பது கருணையாகத் தெரியலாம். மனிதரைக் கண்டு நடுங்கும் நாய்க்கு அது நீண்ட தண்டனை.

பத்து நாள் கவனிப்பு முடிந்த பிறகே செய்ய வேண்டும். கால்நடை மருத்துவர் முதலில் மயக்க ஊசி போட்டு, நாய் முழுதும் தூங்கிய பிறகே ரத்தக் குழாய் வழியாக மயக்க மருந்தை மிக அதிக அளவில் செலுத்துவார். மயக்க ஊசி இல்லாமல் நேரே செய்ய முன்வருபவரிடம் போகாதீர்கள். மருத்துவமனை என்றாலே மிரளும் நாய் என்றால் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். வாய்மூடி பழகிய நாய் இங்கேயும் பதறாமல் இருக்கும். குழந்தைகளிடம் “ஓடிப்போச்சு” என்று சொன்னால் அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

சோறு போடும் தெரு நாய் கடித்தால்

இங்கே நீங்கள் தேர்ந்தெடுக்க முடிவது குறைவு. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கடித்ததற்காகத் தெரு நாயைக் கொல்ல முடியாது. தீராத நோயோ மரணக் காயமோ உள்ளதை மட்டுமே கருணைக்கொலை செய்யலாம். வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் தனிமையில் அடைத்து வைப்பார்கள். கருத்தடை செய்து ஊசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், வெறிநோய் கண்டவற்றுக்கும் மூர்க்கமாகத் தாக்குபவற்றுக்கும் அதில் விலக்கு அளித்தது. ஆகவே கடித்த நாயின் படம், நாள், இடம் ஆகியவற்றோடு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுத்தில் புகார் கொடுப்பதுதான் முதல் வேலை.

உங்கள் கையில் இருப்பது சோறு வைக்கும் இடம். வீட்டு வாசலில், மாடிப்படியடியில் வைத்தால் அந்த இடம் தன்னுடையது என்று நாய் காக்கத் தொடங்கும். வரும் போவோரைக் கடிப்பது அங்கிருந்துதான். வாசல், படிக்கட்டு, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகி ஒரு மூலையில், நடமாட்டம் அடங்கிய நேரத்தில், நாய்க்கொரு தட்டாகத் தள்ளித் தள்ளி வைத்து, தின்று முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள்.